மழைக்காலத்தில் செலடான் கிண்ணங்கள்: பட்டறைக் குறிப்புகள்

நவம்பர் 3, புதுச்சேரி

1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ஊர் இது. ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் மண்பாண்டம், இங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை எந்தப் பட்டறைக்கும் சோதனைதான்.

செலடான் (இரும்பால் பச்சை நிறம் பெறும் பூச்சு) கிண்ணத்துக்கு 650 கிராம் மண். பிசைந்த உருண்டையைக் கம்பியால் அறுத்தால் வெட்டிய முகத்தில் ஊசித்துளைகூடத் தெரியக் கூடாது. இந்த மண் கடைசிச் சூடு முடிவதற்குள் 12 சதவீதம் சுருங்கும். 15 செ.மீ. வாய் வேண்டுமானால் சக்கரத்தில் 17 செ.மீ. வனைய வேண்டும்.

சுவரைத் தூக்கும்போது அந்த மண் விரல்களுக்கிடையே இறுகிவிடும். அடிமண் இறுகாது. விளிம்புக்கும் நடுவுக்குமாக அதை அழுத்தித் தேய்த்து, உள்ளே தேங்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது எஸ் வடிவ விரிசல் நிச்சயம்.

நவம்பர் 5

விடாத மழை. விளிம்பு சீக்கிரம் காய்கிறது, அடி ஈரமாகவே நிற்கிறது. விளிம்பு தாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்து, அதைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தாள் போட்டாயிற்று. நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், கையில் எடுத்தால் வளையக் கூடாது. கால், அதாவது அடி வளையம், சீவ அதுதான் பதம்.

நவம்பர் 12

முதல் சூடு. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தது, அதாவது உள்ளே இன்னும் ஈரம். இந்த நிலையில் 100 டிகிரியைத் தாண்டினால் நீராவி சுவரை வெடிக்கச் செய்துவிடும். இரவு முழுக்க 90-லேயே நிறுத்தி, காலையில் சூளையின் பார்வைத் துளையில் கண்ணாடி பிடித்து, ஆவி படியவில்லை என்று தெரிந்த பிறகே சூடு ஏற்றம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும்; அதைக் கடக்கும்வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் போகவில்லை. முடிவு 950.

நவம்பர் 14

கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோலாகும் பூச்சு), ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச் பெயரால் வழங்கும் 4-3-2-1 கணக்கு: ஃபெல்ட்ஸ்பார் 2 கிலோ, குவார்ட்ஸ் ஒன்றரை, சுண்ணப்பொடி 1, சீனக்களிமண் அரை. செலடான் பச்சைக்குச் சிவப்பு இரும்பு ஆக்சைடு 50 கிராம். 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை. 100 மி.லி. கரைசல் 145 கிராம் இருந்தால் மூன்று விநாடி முக்கினால் போதும். முக்குமுன் ஈரப்பஞ்சால் தூசி துடைப்பது கட்டாயம். தூசி இருந்த இடத்தில் கிளேஸ் சுருண்டு விலகி, வெறும் மண் தெரியும். காலில் கிளேஸ் ஒட்டாதிருக்க மெழுகு.

நவம்பர் 17

கேஸ் சூளை, கோன் 10 (ஏறத்தாழ 1,300 டிகிரியில் வளையும் சூட்டு அளவுக் கூம்பு). 900 டிகிரியில் டாம்பரை (புகைபோக்கியை அடைக்கும் தகடு) தள்ளி, காற்றைக் குறைத்தோம். பார்வைத் துளையில் மெல்லிய நாக்குபோல் சுடர் நீட்டினால் போதும். கரும்புகை கக்குவது கேஸ் வீண். காற்றுப் போதாத சுடர் கிளேஸிலுள்ள இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவதால்தான் அந்தப் பச்சை.

நவம்பர் 19

100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே கதவு. மேல்தட்டு முழுக்க நீலம் கலந்த பச்சை, கால் வளையத்தருகே தேங்கிய இடத்தில் அடர்த்தி. அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். கீழ்த்தட்டில் கதவோரக் கிண்ணங்கள் மட்டும் வைக்கோல் மஞ்சள்: கதவுச் செங்கல் இடுக்கில் காற்று நுழைந்திருக்கிறது. அடுத்த சூட்டுக்கு இடுக்குகளை மண்ணும் மணலும் குழைத்துப் பூசவேண்டும். அந்த மூலைக்கு 8 சதவீத இரும்பு போட்ட டென்மோக்கு என்ற கரும்பழுப்புக் கிளேஸ்; கொஞ்சம் காற்றுப் பட்டாலும் அதன் பழுப்பு தாங்கும்.