பாலைப்பழம் உதிரும் நாட்களில் ஒரு காட்டுப் பயணம்

வைகாசியில் ஒருநாள் இரவு அக்கா ரொறன்ரோவிலிருந்து அழைத்தார். யூலை நடுவில் பிள்ளைகளோடு வருகிறோம், இந்தமுறை சொந்தக்காரர் வீடு வீடாகத் திரிய வேண்டாம், காடு பார்க்க வேண்டும் என்றார். ஒன்பது வயது மருமகன் இடையில் போனை வாங்கி, "மாமா, சிறுத்தை கட்டாயம்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தான்.

எங்கள் வீடு வன்னியில் நெடுங்கேணிப் பக்கம், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "யானை பாக்கக் காசு குடுத்துப் போறதோ? இஞ்ச நாலு நாள் நிண்டால் அதுகளா வரும்" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அறுவடைக்கு முந்தின கிழமைகளில் காவல் கொட்டிலில் ரோர்ச் லைற்றும் யானைவெடியுமாக விடிய விடிய இருந்தவர். இத்தனை வருசத்தில் அவர் யானையைக் கண்டதெல்லாம் இருட்டில்தான். கொப்பு முறிகிற சத்தம், வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு முதுகு, விடிந்த பிறகு மிதிபட்ட நெல்லும் சாய்ந்த தென்னம்பிள்ளையும். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போவது என்று அந்த இரவே நினைத்துவிட்டேன்.

முதலில் எழுதிய பட்டியலில் ஒன்பது நாளுக்கு எட்டுப் பூங்கா இருந்தது. வில்பத்து, மின்னேரியா, கவுடுல்ல, வஸ்கமுவ, உடவளவை, பூந்தல, யால, குமண. வீதிப்படத்தை விரித்து மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பார்த்தால், காட்டுக்குள் நிற்கிற நேரத்தை விட வானுக்குள் குந்தியிருக்கிற நேரம் கூட. நாலைக் கழித்து, வில்பத்து, மின்னேரியா, உடவளவை, யால என்று வைத்துக்கொண்டேன். யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். பூங்காவைக் குறையுங்கள், ஒவ்வொன்றிலும் நிற்கிற நாளைக் கூட்டுங்கள். மிருகம் நம்முடைய நேரத்துக்கு வராது.

எங்கள் வன்னிக்குள்ளேயே தொடங்க ஆசையாக இருந்தது. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015ல் தேசியப் பூங்காக்களாகின. ஆனால் இவை வில்பத்துப் போல வாசலில் ஜீப் வரிசையாக நிற்கிற இடங்கள் அல்ல. சுண்டிக்குளம் பறவைகளுக்கான இடம். பூநாரைகள் மாரியோடு வருபவை. யூலையில் களப்பு வற்றிப்போய் உப்பும் புழுதியும்தான் பறக்கும். அதைப் பிறகுக்கு வைத்தோம். இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வன்னிக் காட்டில் தெரியாத பாதையில் காரை இறக்கி "ஒருக்கால் உள்ளே போய்ப் பார்ப்போம்" என்று நடக்கவே கூடாது. மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்புப் பலகையின் அர்த்தத்தை வந்த முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

காலத்தைத் தீர்மானிக்க எனக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் குளம் வற்றும், சிறுகுட்டைகள் காயும், மிருகமெல்லாம் மிஞ்சியிருக்கிற தண்ணீரைச் சுற்றி வரும். இது வன்னியில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் எடுத்த நாலு பூங்காவும் யூலை, ஓகஸ்டில் காய்கிற பக்கம்தான். அதோடு ஆனி, ஆடி பாலைப்பழக் காலம். பாலைப்பழம் பழுத்தால் கரடி மரத்தில் ஏறும். ஆகவே யூலைக் கடைசியில் வில்பத்து, அதற்குப் பிறகு யானை கூடுகிற மின்னேரியா, ஓகஸ்ட் தொடக்கத்தில் தெற்கே என்று வரிசை தானாகவே வந்துவிட்டது.

இடைஞ்சல் தந்தது திருவிழாக்கள். கதிர்காமத் திருவிழா நேரம், யாலவுக்குப் போகிறவர்கள் தங்குகிற திஸ்ஸமகாராமையில் அறை கிடைக்காது. அதன் தேதியும் வருசத்துக்கு வருசம் மாறும். மாணிக்க கங்கையில் தீர்த்தம் முடிந்த பிறகுதான் யால என்று வைத்தேன். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா என்பதால் அதற்கு முன்பு வீடு திரும்பிவிட வேண்டும். செப்டெம்பருக்குத் தள்ளிப் போடவும் முடியாது. யாலவின் முதலாம் வட்டாரத்தை வழமையாகச் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள்.

காசுக் கணக்கில் ஒரு விஷயம். எங்களைப் போல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு நுழைவுச்சீட்டு மலிவு. கனடாக் கடவுச்சீட்டோடு வருபவர்களுக்கு அது பல மடங்கு. அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் உண்டு. குடும்பத்தில் யார் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் வாசலில் நின்று முகம் சுளிக்க வேண்டி வராது. எட்டு நாள் ஜீப் பிடிப்பதை விட, ஆறு நாள் பிடித்து மற்ற நாட்களில் ஆறி இருப்பது பிள்ளைகளுக்கும் நல்லது, அம்மாவின் இடுப்புக்கும் நல்லது. வயதானவர்களை ஜீப்பின் கடைசி ஆசனத்தில் இருத்தாதீர்கள். குலுக்கல் முழுவதும் அங்கேதான் விழும்.

வில்பத்துக்கு முதல் நாளே போய்ப் பக்கத்தில் தங்கினோம். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அனுராதபுரம் புத்தளம் வீதியில் திம்பிரிவெவவில் திரும்பினால் ஹுனுவிலகம வாசல் வரும். நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இது, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்து, 2003ல் திறந்து, மறுபடி மூடி, 2010ல் திரும்பவும் திறந்தது. மன்னார், வவுனியாப் பிள்ளைகளான எங்களுக்கு அது பெயராக மட்டுமே இருந்த காடு. எல்லை இவ்வளவு கிட்டவாக இருந்தும் முப்பது வயது தாண்டித்தான் நான் உள்ளே போனேன்.

வில்பத்தில் அரை நாள் போதாது. வில்லுகள் ஒன்றுக்கொன்று தூரம். வில்லு என்றால் மழைத்தண்ணீர் நின்று நிறைகிற இயற்கைப் பள்ளம், சுற்றிவர வெள்ளை மணல், அதற்கு அப்பால் புல், பிறகு அடர்ந்த காடு. காட்டுக்குள் நெடுநேரம் மர நிழலிலேயே போய், திடீரென்று கண் கூசுகிற வெளிச்சத்தில் ஒரு வில்லு திறக்கும். புள்ளிமான் கூட்டம், கரையில் முதலை, தண்ணீருக்குள் கழுத்து வரை கிடக்கிற குழுமாடு என்கிற காட்டெருமை. நாங்கள் ஒரு வில்லுக் கரையில் முக்கால் மணித்தியாலம் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தோம். மருமகன் சிறுத்தைக்காகக் காத்திருந்தான். வரவில்லை. ஆனால் மருமகள் அந்த நேரத்துக்குள் பதினொரு வகைப் பறவை எழுதிவிட்டாள்.

பத்து மணி அளவில், காட்டுப் பாதையில் போகும்போது அம்மா மூக்கை உறிஞ்சி, "பாலைப்பழம் மணக்குது" என்றார். நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. ஜீப் ஓட்டிய சிங்கள அண்ணைக்கு நான் சொன்னதும் "பலு, பலு" என்று தலையாட்டி, வேகத்தைக் குறைத்து, இஞ்சினை நிறுத்தினார். அவர்களுக்குப் பலு, எங்களுக்குப் பாலை. மரத்தின் மேலே குரங்குகள் தின்றதும் தின்னாததுமாக உதிர்த்துக்கொண்டிருந்தன. கீழே இரண்டு மான் பொறுக்கிக்கொண்டு நின்றன. கொஞ்சம் பொறுத்து, பின்பக்கப் புதருக்குள்ளிருந்து கரடி வந்தது. நிலத்தைப் பார்த்தபடி, மூச்சை இழுத்து இழுத்து, நேரே மரத்தடிக்கு. மான் இரண்டும் ஒதுங்கின. கரடி எங்களைப் பார்க்கவே இல்லை. உதிர்ந்ததை முடித்துவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறத் தொடங்கியது. நகம் பட்டையில் கீறுகிற சத்தம் ஜீப் வரைக்கும் கேட்டது.

அம்மா என் கையைப் பிடித்திருந்தார். வன்னியில் காட்டுக்குப் போகிறவர்கள் சிறுத்தையை விடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். தேனெடுக்கப் போய்க் கரடியிடம் அகப்பட்ட ஒருவரின் முகத்தை நான் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். அன்று பின்னேரம் அம்மா பிள்ளைகளுக்குப் பாலைப்பழம் தின்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார். பால் உதட்டில் ஒட்டும், முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். பூங்காவுக்குள் ஒரு பழமும் பொறுக்கக் கூடாது என்பதால் வெளியே ஊரில் வாங்கித்தான் அந்தப் பாடம் நடந்தது. வாங்கும்போது எப்படிப் பறித்தது என்று நான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் சிலர் பழத்துக்காகப் பெரிய கொப்பையே வெட்டி விழுத்துகிறார்கள். கொப்பு வெட்டிய மரத்தில் அடுத்த முறை எதைத் தேடுவது? கரடிக்கும் அது சாப்பாடு.

குதிரைமலைக்குப் போகவில்லை. அல்லி அரசாணி ஆண்ட இடம் என்று அம்மா ஆசைப்பட்டார், ஆனால் கடற்கரை வரை போய்வர அந்த நாளின் பெரும்பகுதி போய்விடும். அதற்குத் தனியாக ஒரு நாள் வைக்க வேண்டும்.

மின்னேரியாவுக்கு ஹபரணையில் இரண்டு இரவு நின்றோம். மகாசேனன் கட்டிய குளம், சுற்றியுள்ள காடு 1997ல் தேசியப் பூங்காவானது. கோடையில் குளம் பின்வாங்க, காய்ந்த படுகையில் இளம் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும்தான் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்கின்றன. நல்ல வருசத்தில் முன்னூறு வரை சொல்வார்கள். ஆனால் மொறகஹகந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு கோடையிலும் குளம் நிறைந்து நிற்கிற காலங்கள் உண்டு. படுகை மூழ்கினால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானை வேறு பக்கம். அதனால் "மின்னேரியா" என்று முன்கூட்டியே காசு கட்டிவிடாதீர்கள். அன்று மத்தியானம் ஹபரணையில் ஜீப் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். மின்னேரியாவா, கவுடுல்லவா, ஹுருலுக் காடா, யானை எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கு அன்றன்றைக்குத் தெரியும். எங்களை முதல் நாள் கவுடுல்லவுக்கு அனுப்பினார்கள், அடுத்த நாள் மின்னேரியாவுக்கு.

மின்னேரியாவில் மூன்றரைக்கு உள்ளே போனோம். காட்டை விட்டு ஜீப் வெளியில் இறங்கியதும் புல்வெளி முழுக்க யானை. நான் எண்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். அம்மா எண்ணவில்லை. தாய்களின் வயிற்றுக்குக் கீழே நிற்கிற குட்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டி தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கத் தெரியாமல் காலால் தட்டித் தட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெரியது ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, முழங்காலில் அடித்து மண்ணை உதறிவிட்டுத் தின்றது. "கதிர் அறுத்து உதறுற மாதிரி" என்றார் அம்மா. நெடுநேரம் கழித்து, "இவ்வளவு புல்லு இருந்தால் எங்கட வயலுக்கு ஏன் வரப்போகுதுகள்" என்று தனக்குள்ளே சொன்னார். அக்கா அழுதுவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளிநாடு போகும் வரைக்கும் அந்தக் காவல் கொட்டிலில் அம்மாவோடு இருந்தது அவர்தான்.

மஹியங்கனை வழியாகத் தெற்கே இறங்கினோம். எல்லவில் ஓர் இரவு, பிள்ளைகளுக்கு ஓய்வு. உடவளவையில் காலைச் சபாரியை விட என் மனதில் நிற்பது 1995ல் தொடங்கிய யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையம். தாயை இழந்த குட்டிகள் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் குடிக்க ஓடி வருகின்றன. வளர்ந்ததும் காட்டுக்குள் விடுகிறார்கள். எட்டத்தில் நின்றுதான் பார்க்கலாம், தொட விடுவதில்லை. அதுதான் சரி. வயல் கிணற்றில் விழுந்த குட்டி, காட்டுப்பன்றிக்கென்று வைத்த வெடியில் வாய் கிழிந்த குட்டி என்று காரணங்களைக் கேட்கும்போது எங்கள் ஊர்க் கிணறுகள் நினைவுக்கு வந்தன. கட்டு இல்லாமல் தரையோடு கிடக்கிற கிணறுகள் எத்தனை!

யாலவில் மருமகன் சிறுத்தையைக் கண்டான். பாறைக்குப் பின்னால் முதுகும் வாலும், அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் ஜீப் ஓடி வந்து ஒன்றோடொன்று முட்டுகிற அளவில் நின்றன. எங்கள் ஓட்டுநரும் போன் வந்ததும் குழியும் மேடும் பாராமல் விரட்டினார், அம்மாவுக்குக் கம்பியில் நெற்றி அடிபட்டது. அடுத்த நாள் வேறு ஒருவரைப் பிடித்து, "சிறுத்தைக்காக ஓட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஏறினோம். அதை நீங்களும் ஏறும் முன்னே சொல்லுங்கள். அந்த இரண்டாம் நாள் அமைதியாக இருந்தது. இந்தக் காடுகளின் வழியாகத்தான் பெரியம்மா கதிர்காமப் பாத யாத்திரையில் நடந்தவர் என்று அம்மா சொன்னார். ஒகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமண தாண்டி, ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்து, "அரோகரா" சொல்லிக்கொண்டு. ஜீப்பும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. பின்னேரம் கதிர்காமத்தில் அம்மாவின் நேர்த்தியை முடித்தோம்.

அக்கா குடும்பத்தைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டு வீடு வந்த மூன்றாம் இரவு, வளவுக்குப் பின்னால் வாழை முறிகிற சத்தம் கேட்டது. அம்மா வழமைபோல ரோர்ச்சோடு எழும்பினார். வெடியை எடுத்த என்னை மறித்து, "பொறு, குட்டி நிக்குதோ எண்டு பார்" என்றார். ஒரு தனியன்தான். தகரத்தைத் தட்டக் காட்டுக்குள் போய்விட்டது.

இப்போது சுண்டிக்குளத்துக்குத் திட்டம் போடுகிறோம். பூநாரைக்குத் தை மாதம் நல்லது என்று நான் சொன்னேன். தையில் நெல் கதிராக நிற்கும், வயலை யார் பார்ப்பது என்று அம்மா கேட்டார். மாசியில், அறுவடை முடிந்த கையோடு போவதாக இருக்கிறோம்.