ஓடுபாதைக்கு எந்தப் பக்கம் வீடு?

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளை வங்கிக் கடனுக்காக மதிப்பிடும் எங்கள் தொழிலில், ‘ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிடம்’ என்ற விளம்பரத்தைப் பார்க்காத வாரம் இல்லை. அந்தப் பத்து நிமிடம் எந்த வாசலுக்கு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பயணிகள் முனையங்கள் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைப் பார்த்து இருக்கின்றன. பொழிச்சலூரும் கவுல் பஜாரும் ஓடுபாதையை ஒட்டினாற்போல இருந்தாலும், அங்கிருந்து முனையத்துக்கு வேலைக்குப் போகிறவர் பம்மல், பல்லாவரம் என்று சுற்றித்தான் வர வேண்டும். மணப்பாக்கத்துக்காரருக்குக் கத்திப்பாரா சந்திப்பு வழி.

வாடகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானப் பயணிகள் அல்லர். லோடர்கள், கவுண்டர் ஊழியர்கள், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர், சரக்கு ஏஜென்சிப் பிள்ளைகள், விமானப் பணிப்பெண்கள். எல்லோருக்கும் ஷிப்டு வேலை. கையில் கார் இல்லாதவர்களுக்கு ரயில்தான் கணக்கு. அதனால்தான் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள ரயில் நிலையமான திரிசூலத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் குரோம்பேட்டையில் ஒரு படுக்கையறை வீடு காலியானதும் போய்விடுகிறது. வரைபடத்தில் அதைவிடப் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் ‘டு லெட்’ பலகை மாதக்கணக்கில் தொங்குகிறது. 2016 செப்டம்பரில் மெட்ரோ விமான நிலையம் வரை வந்த பிறகு ஆலந்தூர், நங்கநல்லூர் பக்கமும் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. நாலைந்து பணிப்பெண்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்குக் கூடுதல் வாடகை கிடைக்கும். ஆனால் நடு இரவில் கேப் வந்து நிற்கும். அதைச் சகிக்கும் அக்கம்பக்கம் வேண்டும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது உயரம். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஓடுபாதைகளைச் சுற்றி ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு, நிலையத்தின் மட்டத்துக்கு மேல் 45 மீட்டர் என்பது பொதுவான உச்சவரம்பு. ஓடுபாதையின் நேர்கோட்டில் வரும் மனைகளுக்கு இது பொருந்தாது. அங்கே முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில்தான் அனுமதி உயரும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 18.8 மீட்டர். மனை ஓடுபாதை முனையைவிட 3 மீட்டர் மேடாக இருந்தால் கட்டடத்துக்கு மிஞ்சுவது 15.8. ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தும் தூண் தளம்) நான்கு மாடியும் தளத்துக்கே 15 மீட்டர் எடுத்துக்கொள்ளும். லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, ஆன்டெனா எல்லாம் கணக்கில் சேரும். அங்கேதான் ஒரு மாடி போய்விடுகிறது.

இதற்கான விதிகள் 2015-ல் வந்தவை. விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் சிவப்புக் கட்டத்தில் மனை விழுந்தால் ஆணையத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம். விண்ணப்பத்தில் தருகிற அட்சரேகை, தீர்க்கரேகை, மனை மட்டம் மூன்றும் அளந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். கைபேசியில் பார்த்து எழுதிய மட்டத்தால் சான்றே கேள்விக்குள்ளாகும். சான்றில் எழுதியிருப்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உச்சி உயரம். அதைத் தரையிலிருந்து என்று படித்துவிட்டு மேலே தொட்டி கட்டியவர்கள் இடிக்க வேண்டியிருக்கும். அடுக்குமாடி வாங்குகிறவர் வில்லங்கச் சான்றோடு இந்தச் சான்றையும் கேட்டு, கட்டிய உயரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டில் வாங்குகிறவருக்கு ஒரு நன்மையும் உண்டு. மாடி குறைந்தால் ஒரே மனையைப் பங்கிடும் வீடுகளும் குறையும். ஒவ்வொரு வீட்டுக்கும் யு.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, கூடும். இந்தப் பகுதியின் பழைய மூன்று மாடிக் குடியிருப்புகள் நல்ல விலை போவதற்கு இது முக்கியமான காரணம் என்பது எங்கள் எண்ணம்.

சத்தத்தை ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவிலிருந்து விடியும் வரை அதிகம். காற்று மாறினால் ஓடுபாதையின் திசையும் மாறும். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் கிழக்கிலிருந்து, பரங்கிமலைப் பக்கமாக இறங்கும். கிழக்கேயிருந்து கடல்காற்று வீசும்போது மேற்கிலிருந்து, அனகாபுத்தூர்ப் பக்கமாக. மார்கழியில் பார்த்த வீடு ஆடியில் வேறு வீடாக இருக்கும். தள்ளும் ஜன்னல்களின் இடுக்கு வழியாகத்தான் சத்தம் நுழைகிறது. ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் கதவு ஜன்னலும் தடித்த கண்ணாடியும் போட்டால் படுக்கையறை தேறும். மேல்தளத்தைத் தவிர்ப்பதும் நல்லது.

தண்ணீர் இரண்டு விதத்தில் சோதிக்கும். இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகவே போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது; மணப்பாக்கம் போன்ற கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டு, அந்த ஆண்டின் நீர்மட்டத்தை வீட்டுச் சுவரில் அளந்து பார்க்காமல் மதிப்பு எழுதக் கூடாது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் பிரச்சினை வேறு. தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்கள் அங்கே உண்டு. போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகள்) அளவைப் பார்த்து, மாதம் எத்தனை லாரித் தண்ணீர் இறங்குகிறது என்று குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டும்.

காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து அந்தச் சாலைகளிலும் ‘ஏர்போர்ட் அருகில்’ மனைகள் விற்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வயல் சென்ட் கணக்கில் விலை பேசப்படுவது மனத்தை உறுத்துகிறது. வாடகை தருகிற ஊழியர்கள் விமானம் பறக்கத் தொடங்கிய பிறகுதான் வருவார்கள். அதுவரை அந்த மனைக்கு மீனம்பாக்கத்து வாடகையை வைத்து விலை போடக் கூடாது. சுற்றியுள்ள கிராம மனைகளின் பத்திரப் பதிவு விலையை வைத்துத்தான் போட வேண்டும்.