சீழைக் கரைத்த இரண்டு ஊசிகள்

பெரியப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அந்த நீர் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலையும் விலாச் சுவரின் உட்புறத்தையும் மூடியிருக்கும் புளூரா என்ற இரட்டை உறையின் இடுக்கில் இருந்தது. இயல்பாகச் சில மில்லி மட்டுமே இருக்க வேண்டிய அந்த இடுக்கில், நிமோனியாவின் தொடர்ச்சியாக நீர் சேர்ந்து, கிருமி புகுந்து சீழாகி, நடுநடுவே ரத்தக்கட்டியைப் பிடித்துவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் படர்ந்து அறை அறையாகத் தடுத்திருந்தன. அல்ட்ராசவுண்ட் திரையில் அது தேன்கூடு போலத் தெரிந்தது.

நெஞ்சில் குழாய் போட்டு இரண்டு நாளாகியும் கட்டிலுக்கடியில் இருந்த பாட்டிலில் சொற்பமாகவே சீழ் இறங்கியது. மூன்றாம் நாள் மருத்துவர் அதே குழாய் வழியே இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, குழாயைக் கவ்வியால் அடைத்துவைத்துப் பிறகு திறந்தார். மறுநாள் காலைக்குள் பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஏன் இரண்டு மருந்துகள் என்ற கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

1949ஆம் ஆண்டு அமெரிக்காவில் டில்லட், ஷெர்ரி என்ற இரு மருத்துவர்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிடமிருந்தே எடுத்த நொதிகளை இத்தகைய சீழுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அதில் ஃபைப்ரினைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் இருந்தது, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியும் இருந்தது. சீழ் பசைபோல் இழுபடுவதற்குச் செத்த வெள்ளணுக்களிலிருந்து கொட்டும் டி.என்.ஏ. ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் தூய்மைப்படுத்திய ஸ்ட்ரெப்டோகைனேஸை மட்டும் தனியே போடுவது வழக்கமாயிற்று. தூய்மை என்ற பெயரில் பாதி மருந்தைக் கைவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் 454 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான மிஸ்ட்-1 ஆய்வில், அந்த ஒற்றை மருந்தால் மரணமும் குறையவில்லை, அறுவை சிகிச்சையின் தேவையும் குறையவில்லை.

2011இல் வெளியான மிஸ்ட்-2 ஆய்வு 210 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் டி.பி.ஏ. மருந்தைத் தனியாகவும், டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதியைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும், வெறும் போலி மருந்தையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்த குழுவில்தான் நீர் கோத்த இடமாக எக்ஸ்ரேயில் தெரிந்த வெண்மை தெளிவாகக் குறைந்தது. அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் போலி மருந்துக் குழுவில் 16 சதவீதம், இரண்டும் சேர்ந்த குழுவில் 4 சதவீதம். டி.என்.ஏஸ் மட்டும் பெற்றவர்களில் அந்த விகிதம் 39 சதவீதம்! தனியாக விட்டால் பயனற்றதோடு கெடுதலாகவும் முடியக்கூடிய ஒரு மருந்து, துணை சேர்ந்ததும் வேலை செய்கிறது.

ஆறாம் நாள் பாட்டிலின் கண்ணாடிக் குழாயில் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்த நீர்மட்டம் அநேகமாக அசையாமல் நின்றது. குழாய் அடைத்துக்கொண்டது என்று பயந்து பெரியம்மா செவிலியரைக் கூட்டிவந்தார். அவர் குழாயைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரேயையும் காட்டி, நுரையீரல் விரிந்து இடுக்கை நிரப்பிவிட்டால் இப்படித்தான் நிற்கும் என்றார்.