எங்கள் டர்ட் ரேஸுக்கு ஆள் சேர்த்த கதை

கோயம்புத்தூரில் பைக் பைத்தியங்களுக்குப் பஞ்சம் இல்லை. கார் ரேஸர் கரிவரதனின் ஊர், அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் தடமே இருக்கிறது. உலக பைக் ரேஸான மொட்டோஜிபியில் ஓட்டும் மார்க் மார்க்கேஸ் ஹோண்டாவை விட்டு டுகாட்டிக்கு எந்த வருஷம் போனார் என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிற பையன் பட்டென்று சொல்வான். அதே பையனுக்கு, பக்கத்து ஊர்க் காட்டில் மண் தடத்தில் எங்கள் கிளப் நடத்தும் டர்ட் ரேஸில் அவன் தெருக்காரன் ஒருத்தன் ஓட்டுகிறான் என்பது தெரியாது. எங்கள் கூட்டம் என்பது ஓட்டுகிறவர்கள், அவர்களுடைய மெக்கானிக்குகள், ஆளுக்கு ரெண்டு கூட்டாளிகள், அப்புறம் ஆம்புலன்ஸ் டிரைவர். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கிளப்பில் ஒரு பெரியவர் சோழவரத்தைப் பற்றி ஆரம்பிப்பார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம், மரம் மட்டை இல்லாத பொட்டல், அங்கே புல்லட்டும் ஜாவாவும் ஓடுவதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் போவார்களாம். பொய் இல்லை, பழைய ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு டிவி இல்லை, செல்போன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போக்கிடமும் இல்லை. இன்றைக்கு மொட்டோஜிபியை வீட்டில் படுத்தபடியே பார்க்கலாம். இருக்கிறதை விட்டுவிட்டு வெயிலில் வந்து புழுதி தின்ன ஒருவனுக்கு என்ன தலையெழுத்து?

கூட்டம் சேர்க்கிற வேலையை இந்த முறை என் தலையில் கட்டினார்கள். எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: விளம்பரம் பத்தவில்லை, ரீல்ஸ் போடு. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அதற்கு முந்தைய ரேஸில் மைதானத்து ஓரத்தில் போய் நின்று, வந்திருந்த கொஞ்சம் பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருந்தேன். முதல் ஹீட், அதாவது ஃபைனலுக்கு முந்தைய ஓட்டம், ஓடும்போது எட்டிப் பார்த்தார்கள், செல்போனில் வீடியோ எடுத்தார்கள். ரெண்டாவது ஹீட்டில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப யாருங்க ஃபர்ஸ்ட்டு?" என்றார். "தெரியலீங்க" என்று பதில் வந்தது. மூன்றாவது ஹீட்டுக்கு ரெண்டு பேரும் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஹெல்மெட், நம்பர் பிளேட்டில் சேறு, மைக்கில் ஒரு பையன் இங்கிலீஷில் என்னவோ கத்திக்கொண்டிருந்தான். யார் ஓட்டுகிறான், எந்த ஊர்க்காரன், எத்தனை சுற்று பாக்கி என்று ஒன்றும் தெரியாமல் யார்தான் நிற்பார்கள்?

இதே மாவட்டத்தில் ரேக்ளா பந்தயத்துக்கு எப்படிக் கூட்டம் சேர்கிறது என்று யோசித்தேன். 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஓடுகிற தூரமே கொஞ்சம். வண்டி கிளம்பினால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சனம் வெயிலில் நிற்கும். ஏனென்றால் மாடு யாருடையது, எந்த ஊர், போன வருஷம் என்ன ஆனது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சரி, மைக்குக்கு அங்கிருந்தே ஆள் பிடிப்போம் என்று பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளாவுக்கு அறிவிப்பு செய்கிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் சிரித்தார். "எனக்கு பைக்கைப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங் தம்பி. பேரும் ஊரும் எழுதிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தப் பேரையும் ஊரையும் எழுதுவதுதான் பெரிய வேலையாகப் போயிற்று.

அதற்கு முன்னால் அனுமதி விஷயம். இதில் சுருக்கு வழி கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, பொது இடத்தில் ரேஸ் ஓட்ட அரசாங்கத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். நாங்கள் ஓட்டுவது தனியார் நிலத்தில், வேலி போட்டு, நாட்டின் மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் 'பைக் ரேஸ்' என்று வாயைத் திறந்ததும் அவர்கள் நினைப்பது அவினாசி ரோட்டில் ராத்திரி பறக்கிற பையன்களைத்தான். அதனால் மனுவோடு நிலத்து வரைபடம், தடம், வேலி, ஆம்புலன்ஸ் வழி, பார்க்கிங் எல்லாம் வரைந்து எடுத்துப் போனோம். இன்ஸ்பெக்டர் தடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "முடிஞ்சு வெளிய போறப்ப உங்க பசங்க ரோட்டுல என்ன பண்ணுவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. பார்க்கிங்கில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலி அடித்தாலோ, சைலன்சரைக் கழற்றி முறுக்கினாலோ வண்டியை வெளியே அனுப்பிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தோம். ரேஸ் அன்றைக்கு அதைச் செய்யவும் செய்தோம். சண்டைதான். ஆனால் முறுக்குகிற பையன்களை அனுப்பாமல் குடும்பத்தோடு ஆட்கள் வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தேதியை ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையாக வைத்தோம். முகூர்த்தம் கிடையாது என்பதால் சனம் வீட்டில்தான் இருக்கும், பந்தல்காரரும் பேரத்துக்கு இறங்கி வருவார். மழை பெரிதாக வராது, சாரலோடு போய்விடும். ஒரே தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற ஆடிக் காற்று, தடத்துப் புழுதியை அள்ளிக் கிழக்கே கொட்டும். இத்தனை வருஷமும் ஆட்களை நிறுத்தியது எந்தப் பக்கம் தெரியுமா? கிழக்கே. தார்ரோடு அந்தப் பக்கம் என்பதால் இறங்கினவுடன் நிற்க வசதி, வேறு காரணமே இல்லை. இந்த முறை பந்தலை மேற்குப் பக்கம் மாற்றினோம். காற்று முதுகுப் பக்கம், சாயங்கால வெயிலும் முதுகுப் பக்கம். நிலத்துக்காரர் வரப்பை வெட்டி நடைபாதை விட ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. தண்ணீர் லாரி ரெண்டு ஹீட்டுக்கு ஒரு முறை தடத்தை நனைத்தது. அதிகம் ஊற்றினால் வளைவில் வழுக்கும், குறைத்தால் ஊரே மறையும். அந்தக் கணக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும் என்பதால் லாரியில் ஒரு பழைய ரைடரை ஏற்றிவிட்டோம்.

வேலி பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் வளைவுக்கு வெளியே நிற்கத்தான் ஆசை, பின்சக்கரம் வழுக்கிப் போவது அங்கேதான் அழகாகத் தெரியும். பிடி விட்ட வண்டி நேராக வந்து விழுகிற இடமும் அதுதான். அங்கே ஆளே நிற்காமல் செய்துவிட்டு, நேர்ப்பாதையின் ஓரத்தில் மண்ணைக் கொட்டி மேடு கட்டி, தள்ளி ஒரு வேலி, அதற்குப் பின்னால் இன்னொரு வேலி போட்டோம். மேட்டில் ஏறி நின்றால் தடம் முழுக்கத் தெரியும். டர்ட் ட்ராக்குக்கு உள்ள பெரிய வசதியே இதுதான். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் தடம் 3.7 கிலோமீட்டர்; ஒரு வளைவில் நின்றால் வண்டி போன பிறகு அடுத்த சுற்று வரை வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பேரும் ஊரும். ஒவ்வொரு ரைடரிடமும் ஊர், வேலை, வண்டி, டியூன் செய்த பட்டறை நாலையும் கேட்டோம். பெயர்ப் பட்டியலை ஒரே தாளில் அடித்து வாசலில் கொடுப்பதாகத் திட்டம். பட்டறைப் பெயரை அதில் போட்டது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். ஆனால் வேலை செய்தது அதுதான். தாளில் தன் பட்டறை பெயர் வருகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அச்சுச் செலவையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். ரேஸுக்கு முந்தைய வாரம் வண்டிகளைப் பட்டறை வாசலில் நிறுத்தி வைக்கச் சொன்னோம், நம்பர் தெரிகிற மாதிரி. பஞ்சர் ஒட்ட வந்தவன்கூட நின்று கேட்டுவிட்டுப் போனான். இதற்கு முன் ரீல்ஸ் பார்த்து வந்தவர்களைவிட இப்படி வந்தவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. வாசலில் டிக்கெட் கிழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதிப் பேர் "எந்தப் பட்டறை வண்டிங்க முதல்ல?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. "அண்ணா, என் பேரைப் போடாதீங்க, வீட்டுக்குத் தெரியாம ஓட்டறேன்" என்று சில பையன்கள். இதற்கு என்ன செய்வது? பதினெட்டு முடிந்தவன், லைசென்ஸ் வைத்திருக்கிறான், நாம் போய் வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் அப்படிக் கேட்டவர்களில் ஒருவன், சோமனூர்க்காரன், யோசித்துவிட்டு அப்பாவையே கூட்டி வந்துவிட்டான். தறி ஓட்டுகிறவர். வாயே திறக்காமல், ரேஸுக்கு முன் வண்டியையும் கவசத்தையும் சோதிக்கிற ஸ்க்ரூட்டினி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஹெல்மெட்டைத் திருப்பி முத்திரை பார்க்கிறார்கள், செயினை இழுத்துப் பார்க்கிறார்கள், ஆயில் டிரெய்ன் போல்ட்டில் கம்பி கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள், ஒருத்தனை முழங்கால் காப்பு இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எல்லாம் பார்த்து முடித்து, மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த பூட்ஸு எவ்வளவு?" அவன் சொன்ன விலை பாதிதான் என்பது எனக்குத் தெரியும். அவர் அதற்கே தலையில் கை வைத்தார். ஆனால் கடைசி ஹீட் வரை இருந்தார்.

மைக்காரருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் சொன்னேன், மற்றதெல்லாம் அவர் சரக்கு. "கெழக்கு மூலையில பாருங்க சாமி, வெள்ளலூர்த் தம்பி உள்ளார பூந்துட்டாரு! சூலூர் விடமாட்டேங்குது!" என்று ஆரம்பித்தாரே பார்க்கலாம், மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பின்சக்கரம் வழுக்கினால் "வாலை வீசறாரு" என்றார். சுற்று எண்ணுவதற்கு மட்டும் கரும்பலகையோடு ஒரு பையனை நிறுத்தினோம். ஹெல்மெட்டில் ஊருக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டினோம். முதலில் கழுத்தில் கலர்த் துணி கட்டலாம் என்றுதான் நினைத்தோம், தளர்வாக எதுவும் தொங்கக் கூடாது என்று ஸ்க்ரூட்டினியர் மறுத்துவிட்டார்.

வரிசையையும் மாற்றினோம். வழக்கமாக இறக்குமதி மோட்டோகிராஸ் வண்டிகளைத்தான் கடைசியில் ஓட்டுவார்கள், அதுதான் வேகம். வேகம் கூட்டத்துக்கு ரெண்டு ஹீட் வரைதான் பிடிக்கிறது. சனம் காத்திருந்து பார்ப்பது லோக்கல் கிளாஸை, அப்புறம் ஆர்எக்ஸ் 100, ஷோகன் வருகிற டூ-ஸ்ட்ரோக் கிளாஸை. அந்தச் சத்தத்துக்கும் டூ-டி ஆயில் வாசனைக்கும் நாற்பது வயதுக்காரர்கள் வேலியோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அதனால் இறக்குமதி வண்டிகளை மத்தியானம் ஓட்டிவிட்டு, லோக்கல் கிளாஸ் ஃபைனலைக் கடைசியில் வைத்தோம்.

கூட்டத்தைக் கரைப்பது இடைவெளிதான். ஒருத்தன் விழுந்து அடிபட்டு ஆம்புலன்ஸ் வெளியே போனால், அது திரும்பும்வரை ரேஸ் நிற்கும். நிற்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் வண்டியை எடுப்பார்கள். செலவானாலும் பரவாயில்லை என்று ரெண்டு ஆம்புலன்ஸ் வைத்தோம். அப்படியும் நடுவில் தடத்தைச் சரிசெய்ய ஜேசிபி இறங்கியபோது நேரம் போயிற்று. அதற்கென்று ஒரு போட்டி தயாராக வைத்திருந்தோம்: பட்டறைக்கு ரெண்டு பேர், ஒரு வண்டி, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும், யார் முதலில். ரேஸை விட இதற்குச் சத்தம் அதிகம். ஸ்பேனரைக் கீழே போட்ட ஒரு மெக்கானிக்கை அவருடைய சொந்த வாடிக்கையாளர்களே கிண்டல் செய்து தீர்த்தார்கள்.

கழிப்பறை விஷயத்தை யாரும் பேசுவதில்லை. பெண்களுக்குத் தனியாக, தண்ணீரோடு, பந்தலுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வாங்கி வைத்தோம். பந்தலில் மத்தியானத்துக்கு மேலும் அம்மாக்களும் குழந்தைகளும் இருந்ததற்கு என் மைக் யோசனையை விட இதுதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

டிக்கெட் 50 ரூபாய், அதில் ஒரு டீ டோக்கன். இலவசமாக விட்டால் கூட்டம் இன்னும் வரும் என்று கிளப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். இலவசத்துக்கு வருகிறவன் வாசலிலேயே திரும்பிவிடுவான், காசு கொடுத்தவன் கடைசி வரை இருப்பான் என்பது என் கட்சி. ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி, ஜேசிபி, இன்சூரன்ஸ் எல்லாம் போக டிக்கெட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மேடு நிறைந்திருந்த போட்டோவைக் காட்டித்தான் ஒரு டயர் கடைக்காரரிடம் அடுத்த ரேஸுக்குப் பணம் கேட்க முடிந்தது. முன்பு அவரிடம் காட்ட எங்களிடம் ஆளில்லாத வேலி மட்டும்தான் இருந்தது.

இப்போது புகார் நல்ல ரைடர்களிடமிருந்து வருகிறது. முன்னால் போகிறவனை விட்டுவிட்டு, கடைசியில் வருகிற உள்ளூர்ப் பையனைப் பற்றியே மைக்காரர் பேசிக்கொண்டிருக்கிறாராம். உண்மைதான். அவர் பேசட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ரேஸுக்கும் அவரையே கூப்பிட்டாயிற்று. பெயர்ப் பட்டியல் இந்த முறை நாலு நாள் முன்னாலேயே வேண்டும் என்கிறார், ஊரோடு தாய்மாமன் பேரும் சேர்த்து.