இடது முன்சக்கரத்தின் ஆட்டம்

வேலூர் பக்கம், கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகும் சாலையில், ஆடி மாதம் ஒரு காலைப்பொழுதில், என் மாருதி 800 காரின் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் 50ஐத் தாண்டினால் நடுக்கம் வந்தது. 40க்குக் கீழே இறங்கினால் அடங்கியது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் இடது பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஓர் ஒலி. பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'டொக்'குக்குத்தான் காது கொடுத்துக்கொண்டு வந்தேன்.

வண்டி 1999ஆம் ஆண்டு மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். பெரிய வண்டிகள் உருண்டு கடந்துவிடும் பள்ளத்தில் இந்தச் சின்னச் சக்கரம் முழுதாக இறங்கி ஏறும். அந்த அடியெல்லாம் முன்பக்க மூட்டுகளுக்குத்தான் போய்ச் சேரும். ஆனாலும் கால்நடை மருத்துவர் வேலைக்கு இதைவிட ஏற்ற வண்டி எனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் திருப்பலாம், மாட்டுக் கொட்டகை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு டயர் கடைக்குப் போய், சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் இரண்டும் பார்த்தேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பழைய நடுக்கம் திரும்பியது. மறுபடியும் போனேன். மூன்றாம் முறையும் போனேன். ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது, பணம் வாங்கிக்கொண்டார்கள். சக்கரத்தை ஒருவராவது கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மூட்டு தேய்ந்த வண்டிக்கு அலைன்மெண்ட் நிற்கவே நிற்காது. நிற்கும் வண்டியில் எந்தக் கோணத்தை அளந்து வைத்தாலும், ஓடத் தொடங்கியதும் தளர்ந்த மூட்டு அதைத் தன் போக்குக்கு இழுத்துக்கொள்ளும்.

மாடு நொண்டினால் நாங்கள் முதலில் அதை நடக்கவிட்டுத்தான் பார்ப்போம். முன்காலில் நோவு இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது மாடு தலையைத் தூக்கும். எந்தக் கால் என்று தெரிந்த பிறகு குளம்பிலிருந்து மேலே ஒவ்வொரு மூட்டாக அழுத்திக்கொண்டு போவோம். ஊசி கடைசியில்தான். என் காருக்கு மட்டும் எடுத்த எடுப்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

கொணவட்டத்தில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அம்பாசடரிலும் பத்மினியிலும் தொழில் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னைக் கேள்விகளால் துளைத்துவிட்டார். எந்த வேகத்தில் நடுங்குகிறது? பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, எப்போதுமா? வளைவில் திரும்பினால் இரைச்சல் கூடுகிறதா?

கேள்விக்குக் காரணம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க், அதாவது பிரேக் தட்டு, கோணியிருக்கலாம். 70, 80 வேகத்தில் வந்து அதற்கு மேல் போனால் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. மெதுவாகப் போகும்போதே வண்டி அலைபாய்ந்தால் டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கும், அல்லது ரிம் நெளிந்திருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் விழும். அப்போது இரைச்சல் கூடினால், சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் இடது பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் 'டொக்' என்றால் மூட்டு, அல்லது இரும்புகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் புஷ்.

"எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டைப் பார்க்க வேண்டும் டாக்டரம்மா" என்று ஸ்பானரை எடுத்தார். நான்கில் ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினால், அது பொருந்தி உட்காரும் ஹப் முகத்தில் துரு தடிப்பாகப் படிந்திருந்தது. அதன்மேலேயே சக்கரத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சக்கரம் எப்படி ஒட்டி உட்காரும்? கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிவிட்டு, எதிரெதிர் நட்டுகளாக முடுக்கினார்.

பிறகு முன்பக்கம் முழுவதையும் தூக்கும் வேலை. பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது என்பதில் அவர் கறாரானவர். வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இடது சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து, கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் நேராக உள்ளும் வெளியுமாக ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். உள்ளங்கையில் ஒரு சின்ன இடறல் தெரிந்தது. ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது, ஆனால் தெளிவாக இருந்தது. பாய் உடனே என் மகளை வண்டிக்குள் உட்காரச் சொன்னார். "பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே இரு கண்ணு." மறுபடியும் ஆட்டினேன். இடறல் அப்படியே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். பிரேக்கை மிதித்தால் டிஸ்க்கும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும். நடுவில் இருக்கும் பேரிங் ஆட முடியாது. ஆகவே ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில். மறையாவிட்டால் அதைத் தாண்டி, நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட்டிலோ, மேலே அதிர்வைத் தாங்கும் ஸ்டிரட்டிலோ. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு பிள்ளையின் காலை வைத்தே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அடுத்து 9க்கும் 3க்கும் நேராகப் பிடித்து ஆட்டினோம். இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் லேசாக ஆடியது. வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, மகள் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்க, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் நுனி மூட்டான டை ராட் எண்டின் மேல் நான் விரலை வைத்துப் பார்த்தேன். ராடு நகர்ந்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் சக்கரம் நகர்ந்தது. நாடி பார்ப்பதுபோல் அந்தத் தாமதம் விரல் நுனியில் தெரிந்தது.

மீண்டும் தூக்கி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இடது கீழ்க்கையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார் பாய். பால் ஜாயிண்ட் கண்ணெதிரே எழும்பி இறங்கியது. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டின் இடுப்பில் இருக்கிற அதே பந்துக்கிண்ண மூட்டு. மேலே இருந்த ரப்பர் உறை ஓர் அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ், செம்மண்ணும் மணலும் கலந்து, கறுத்த விழுதாக மாறியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. நல்ல மூட்டின் பந்தை அசைக்க நன்றாகப் பலம் கொடுக்க வேண்டும். இது சுண்டுவிரலால் தள்ளினாலே சாய்ந்து விழுந்தது.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்த இடங்களில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருந்ததாம். என் வண்டியில் அந்த வழி இல்லை. மூட்டு மூடி முத்திரையிட்டு வருகிறது. உறை கிழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இதை அப்படியே விட்டிருந்தால், ஒருநாள் பந்து கிண்ணத்திலிருந்து கழன்று, சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்திருக்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வழியாக எத்தனை முறை மகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், வயிறு கலங்கியது.

இரண்டு பக்கமும் கீழ்க்கையைப் பால் ஜாயிண்ட்டோடு மாற்றினோம். டை ராட் எண்டுகள் இரண்டும், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் நசுங்கிப்போயிருந்த புஷ்களும் புதிது. பேரிங்கைத் தொடவில்லை, சக்கரத்தைக் கையால் சுழற்றிக் கேட்டபோது ஓசையே இல்லை. நல்லதை எதற்கு மாற்ற வேண்டும்? இத்தனையும் முடிந்த பிறகு, நான்காம் முறையாக அலைன்மெண்ட்.

அன்று மாலையே சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஏறி, பெங்களூர் திசையில் 80 வேகத்தில் ஓட்டினேன். ஸ்டியரிங்கில் இரண்டு விரல்களை மட்டும் லேசாக வைத்து உணர்ந்து பார்த்தேன். சாலையின் சொரசொரப்பு மட்டும்தான் தெரிந்தது.

100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார் பாய். அமிர்திக் காட்டோரம் ஒரு ஆட்டுக்கிடைக்குத் தடுப்பூசி போடப் போன நாளில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, நானே ஸ்பானரைப் போட்டேன். வலது பக்கம் நான்கும் அசையவில்லை. இடது பக்கம் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறி இறுகியது.