என் சுகர் நோட்டு

மார்ச் 10

26 வாரம் முடிஞ்சிருக்கு. காலைல சாப்ட்டுட்டே வரலாம்னு சொன்னதால தோசைய தின்னுட்டு ஆஸ்பத்திரிக்கு போனேன், 75 கிராம் குளுக்கோஸ தண்ணில கலக்கி குடுத்து அஞ்சு பத்து நிமிஷத்துல குடிச்சு முடின்னுட்டாவ. கொமட்டிக்கிட்டு வந்துச்சு, வாந்தி எடுத்தா இன்னொரு நாள் மொதல்ல இருந்துன்னு சிஸ்டர் சொன்ன ஒரே காரணத்துக்காக முழுங்கினேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா 168. 140 தொட்டாலே கர்ப்ப கால சுகராம். மூணாம் மாசம் பாத்தப்ப 108 தான் இருந்துச்சு. நஞ்சுக்கொடில இருந்து சுரக்குற ஹார்மோன் இன்சுலின வேல செய்ய விடாது, ஆறு மாசத்துக்கு மேல அது கூடிட்டே போகும், அதான் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை பாக்கோம்னாவ.

செவுத்துல போஸ்டர் ஒட்டியிருந்தாவ, இன்னிக்கு கர்ப்ப கால சர்க்கரை நோய் விழிப்புணர்வு தினமாம், இந்த வெறும் வயிறு வேண்டாத டெஸ்ட பரப்பின சென்னை டாக்டர் சேஷையா பிறந்தநாளாம். நல்ல நாள் பாத்து எனக்கு வந்திருக்கு. அல்வா ஊர்ல வாக்கப்பட்டுட்டு இனி வாசனை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "நாளைல இருந்து கேப்பக் கஞ்சி குடிட்டி, எனக்கு பத்து வருஷமா அதுதான் காலைல, சுகர் கிட்டயே வராது"ன்னாவ. அத்தைக்கே சுகர் மாத்திரை ரெண்டு வேளை ஓடுது, அத யாரு சொல்ல.

மார்ச் 13

வீட்லயே சுகர் பாக்குற மிஷின் வாங்கியாச்சு. வெறும் வயித்துல 95க்கு கீழ, சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்கு கீழ இருக்கணும். ஒரு நாளைக்கு நாலு குத்து. வெரல் நுனில குத்தாம பக்கவாட்டுல குத்துனா வலி கம்மி, இத எனக்கு சொல்லிக் குடுத்தது அவிய அக்கா, அவங்களுக்கும் ரெண்டாவது பிள்ளைக்கு இருந்துச்சாம். மைனி இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலயே! நம்ம வீட்ல இதையெல்லாம் ஏதோ தப்பு பண்ணின மாதிரி மறைக்காவ.

மார்ச் 21

ஒரு வாரமா நோட்டுல எழுதினத பாத்தா எனக்கே ஆச்சரியமா இருக்கு. நாலு இட்லி சட்னி 154. ரெண்டு இட்லி கூட ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல் 117. கேப்பக் கஞ்சி 163!! அதே கேப்ப மாவுல முருங்கக்கீரை நெறைய போட்டு அடை தட்டி சின்னதா ரெண்டு, தொட்டுக்க நிலக்கடலை சட்னி, 119. மாவ கரைச்சு காய்ச்சி குடிச்சா கடகடன்னு உள்ள போயி சுகரா ஏறிருது, அடைன்னா மெதுவா ஏறுது, அவ்ளோதான் சூட்சுமம். ஒரே கேப்பைதான். அத்தைகிட்ட நோட்ட காட்டினேன், "உன் ஒடம்பு சூடு அப்பிடி"ன்னு சொல்லிட்டு எந்திச்சு போயிட்டாவ.

மத்தியானம் பெரிசா பிரச்சனை இல்ல, கூட்டு பொரியல் மீனு எல்லாம் மொதல்ல தின்னுட்டு கடைசில ஒரு கப் சோறு, அப்புறம் மொட்டை மாடில கால் மணி நேரம் நடை. காலைலதான் ஒடம்பு இன்சுலினுக்கு ரொம்ப முரண்டு பிடிக்குமாம், அதனால மத்தியானம் சரியா இருக்குற அதே சாப்பாடு காலைல தின்னா எகிறுது.

ஏப்ரல் 10

வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்ச சாதம், தேங்காசாதம், தயிர்சாதம், சக்கரைப் பொங்கல். ஒவ்வொருத்தரும் ஒரு வாய்னாலும் பதினெட்டு பேரு இருந்தாவ. வேண்டாம்னா "ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்லா". 171. கை நெறைய கண்ணாடி வளையலோட சல்சல்னு மாடில நடந்துட்டு இருந்தேன், எதுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பாத்து "யாரு அது சலங்கை கட்டினது"ன்னு கேக்காவ.

ஏப்ரல் 24

அழுதுட்டேன். வெறும் வயித்து சுகர் மூணு நாளா 99, 102, 98. ராத்திரி ரெண்டு சப்பாத்தி, தூங்கப்போறப்ப ஒரு டம்ளர் சக்கரை போடாத பாலு, இதுக்கு மேல எத கொறைக்க? டாக்டரம்மா நோட்ட பொரட்டிப் பாத்துட்டு, கொறைக்காதீங்க, பட்டினி கெடந்தா பிள்ளை எடை ஏறாது, ராத்திரி பூரா கல்லீரல் சர்க்கரைய விட்டுட்டே இருக்கும், அது நீங்க தின்னதால வர்றது இல்லன்னு சொல்லி படுக்கப்போறப்ப 4 யூனிட் இன்சுலின் எழுதினாவ. பிள்ளைக்கு அது போகாதாம். ஊசி, வெரல் குத்துறத விட வலிக்கவே இல்ல. இதுக்குப் போயி பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன்.

மே 20

மத்தியானம் 187. கை நடுங்கிருச்சு. அதே சோறு அதே அளவு, எப்பிடி? அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மைனி மகனுக்கு மாம்பழம் தோல் சீவி குடுத்துட்டு அப்பிடியே வந்து குத்திருக்கேன். சோப்பு போட்டு கழுவி நல்லா தொடச்சிட்டு இன்னொரு வெரல்ல பாத்தா 113. வெரல்ல ஒட்டியிருந்த மாம்பழச் சாறு! மிஷின்ல ரத்தம் வைக்குற ஸ்ட்ரிப் ஒண்ணு தண்டம், பழம் திங்காமலே பழத்துக்கு ஏறின சுகரு.

ஜூன் 10

முந்தாநேத்து பொறந்தா. 3.1 கிலோ, சுகப்பிரசவம். நம்ம சுகர் கூடுதலா இருந்தா பிள்ளையும் சேத்து இன்சுலின் சுரந்து பழகிருமாம், பொறந்ததும் நம்ம சர்க்கரை நின்னு போயி அதுக்கு சட்டுனு எறங்கிரலாம், அதனால சீக்கிரமா பால் குடுக்க வச்சு குதிங்கால்ல குத்தி பாத்தாவ. 58, போதும்னாவ. எனக்கு ஊசி அன்னிக்கே நிறுத்தியாச்சு. அவ அழுத அழுகைக்கு மூணு மாசம் குத்து வாங்கின என் வெரல் எல்லாம் ஒண்ணுமே இல்ல.

ஜூலை 22

ஆறு வாரம் ஆச்சு, மறுபடி அந்த குளுக்கோஸ் தண்ணி. இந்த தடவை வெறும் வயித்துல. 86, ரெண்டு மணி நேரத்துல 121. வருஷா வருஷம் பாக்கச் சொல்லியிருக்காவ, பின்னால சுகர் வர்ற வாய்ப்பு எங்கள மாதிரி ஆளுக்கு கூடவாம்.

டப்பால ஒன்பது ஸ்ட்ரிப் மிச்சம். எடுத்து வைக்கப்போனா அத்தை பக்கத்துல வந்து உக்காந்து, "சும்மா எனக்கும் ஒண்ணு பாரேன்"ன்னு கைய நீட்டினாவ. கஞ்சி குடிச்சு ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு. 226.

"மிஷினு கெட்டுப் போச்சு போல."

கை கழுவிட்டு வாங்க அத்தைன்னேன். சோப்பு போட்டு, முந்தானைல தொடச்சிட்டு, வேற வெரல நீட்டினாவ.

221.