சிவப்புச் சாயம் பூசிய அடிகுழாய்

நிலத்தடி நீரின் வேதியியலைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வங்கதேசத்தைத்தான். அங்கே ஆற்று வண்டலில் இரும்பு ஆக்சைடின் மேல் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது அந்த இரும்பு கரைய, ஆர்சனிக்கும் கூடவே நீரில் இறங்கிவிடுகிறது. அடிகுழாயில் அடித்தவுடன் பளிங்குபோல இருக்கும் தண்ணீர் குடத்தில் சற்று நேரம் நின்றதும் பழுப்பேறுகிறதே, அது காற்றுப் பட்ட இரும்பு. ஆர்சனிக்கோ நிறமும் காட்டாது, சுவையும் காட்டாது. (குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கத்தான் அந்தக் குழாய்களையே போட்டார்கள்.)

வங்கதேசத்தின் முன்ஷிகஞ்சில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர்ப் பொறியியல் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பாசனத்துக்கு நிலத்தடி நீரை இறைப்பதே புதிய கரிமத்தைக் கீழே இழுத்து இந்த வினையைத் தூண்டக்கூடும் என்றது. அதை எல்லோரும் ஏற்கவில்லை; ஆனாலும் நீரோட்டத்தையும் வேதிவினையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் வரம்பு 50. அதைத் தாண்டிய குழாய்க்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புக் குழாய்க்குச் சில பத்து மீட்டர் தள்ளி, அடுத்த வீட்டுக் குழாய் பச்சையாக நிற்பதும் உண்டு.